பல்லை வெள்ளையாக்கலாமா? வன்னிக் கிணற்றுத் தண்ணீரில் வளர்ந்தவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஆவணியில் கல்யாணம். சித்திரை வருசப் பிறப்புக்கு மறுநாள் அண்ணாவின் மகள் ஒரு சின்னப் பெட்டியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். கனடாவில் இருக்கும் சொந்தக்காரர் ஒருவர் அனுப்பியது. உள்ளே பல்லில் ஒட்டுகிற நாடாக்கள், ஒவ்வொன்றும் தனித்தனி உறையில். "மாமி, இதை இண்டைக்கே ஒட்டலாமோ?" என்று கேட்டாள்.

வீட்டில் இத்தனை பேர் இருக்க அவள் என்னிடம் வந்ததற்குக் காரணம் இருக்கிறது. என் மேல்வரிசை முன்பற்கள் இரண்டிலும் பழுப்புப் படை உண்டு. நெடுங்கேணிப் பக்கம் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவள் நான். பள்ளிக்கூடப் படங்கள் எல்லாவற்றிலும் வாயை மூடிக்கொண்டு நிற்பேன். உமிக்கரி, எலுமிச்சம்பழம், உப்பு என்று யார் எதைச் சொன்னாலும் தேய்த்தேன். இது ஊத்தை அல்ல, தேய்த்துப் போகாது என்று ஒரு பல் டொக்டர் எனக்கு விளக்கியபோது வயது 34.

அந்த இருபது வருடத்தை இன்னொரு பிள்ளை வீணாக்கக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். பல் வெள்ளையாக்கலில் எல்லா முடிவும் ஒரே கேள்வியில் தொங்குகிறது: என் பல் ஏன் இந்த நிறத்தில் இருக்கிறது? அதற்குப் பதில் தெரியாமல் வாங்குகிற ஜெல், நாடா, பொடி எல்லாமே காசை இருட்டில் எறிகிற வேலை.

படி 1: காலை வெளிச்சத்தில் பல்லைப் பாருங்கள்

குளியலறை பல்பின் மஞ்சள் வெளிச்சம் வேண்டாம், போன் கமெராவும் வேண்டாம். விடியக் காலை கிணற்றடிக்கோ முற்றத்துக்கோ ஒரு கைக்கண்ணாடியைக் கொண்டுபோங்கள். பல்லைத் துலக்கி, வாயைக் கொப்பளித்து, உதட்டைத் தூக்கிப் பாருங்கள். தேத்தண்ணி குடிப்பதற்கு முன்னால் பாருங்கள்.

பல் முழுவதும் ஒரே சீராக மஞ்சளாக இருக்கிறதா? முரசோரத்திலும் பல்லிடுக்கிலும் மட்டும் கறுப்பாகவோ பழுப்பாகவோ இருக்கிறதா? வெள்ளைச் சுண்ணாம்பு தெறித்ததுபோலப் புள்ளிகளா, கோடுகளா? ஒரே ஒரு பல் மட்டும் சாம்பல் நிறமா? குறுக்காகப் பட்டை பட்டையாக நிறம் மாறியிருக்கிறதா? இந்த ஐந்துக்கும் காரணம் வேறு, வழியும் வேறு.

சீரான மஞ்சள் என்றால் பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை. பல்லின் வெளியோடு, அதாவது எனாமல், ஓரளவு கண்ணாடிபோல ஊடுதெரியும் தன்மையுடையது. அதற்குள் இருக்கும் டென்ரின் இயல்பிலேயே மஞ்சள். வயது போகப் போக எனாமல் தேய்ந்து மெலிகிறது, உள்ளே டென்ரின் தடிக்கிறது, ஆகவே மஞ்சள் கூடுதலாகத் தெரிகிறது. ஐம்பது வயதில் பல் இருபது வயதின் நிறத்தில் இல்லாதது நோய் அல்ல. வெள்ளையாக்கல் நன்றாக வேலை செய்வதும் இந்த வகை மஞ்சளில்தான்.

படி 2: எந்தத் தண்ணீர் குடித்து வளர்ந்தீர்கள் என்று நினைத்துப் பாருங்கள்

வெளியூரில் எழுதப்படுகிற வழிகாட்டிகள் இந்தப் படியை ஒரு வரியில் கடந்துவிடும். நமக்கு அப்படிக் கடக்க முடியாது.

இலங்கையின் வரண்ட வலயத்தில் பல இடங்களில் நிலத்தடி நீரில் புளோரைட்டு அதிகம். அநுராதபுரம், பொலன்னறுவை போலவே வவுனியா மாவட்டக் கிணறுகளிலும் இது அறியப்பட்ட பிரச்சினை. நிலத்தடிப் பாறையில் உள்ள கனிமங்களிலிருந்து புளோரைட்டு மெல்ல மெல்லத் தண்ணீரில் கரைகிறது. உலக சுகாதார அமைப்பு குடிநீருக்கு வைத்திருக்கும் மேல் எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம். வெயில் காய்கிற ஊரில் மனிதர் நிறையத் தண்ணீர் குடிப்பதால் அதைவிடக் குறைந்த அளவே நல்லது.

சரி, இதற்கும் பல்லின் நிறத்துக்கும் என்ன? நிரந்தரப் பற்கள் முரசுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் காலம், பிறந்ததிலிருந்து ஏறத்தாழ 8 வயது வரை. அந்த வயதில் புளோரைட்டு கூடிய தண்ணீரைத் தொடர்ந்து குடித்தால் எனாமல் சரியாக இறுகாமல் உருவாகிறது. முளைக்கும்போதே வெள்ளைக் கோடுகளோடும் திட்டுகளோடும் வரும். கடுமையாக இருந்தால் அந்த இடம் நாள்பட நாள்படப் பழுப்பு ஏறும், சிலருக்குக் குழி விழும். இதுதான் புளோரோசிஸ். ஊரில் காவிப்பல் என்று பொதுவாகச் சொல்லிவிடுவோம். புகையிலைக் காவியையும் அதே சொல்லால்தான் சொல்லுகிறோம், குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

எங்கள் வீட்டிலேயே சாட்சி இருக்கிறது. அண்ணா சின்ன வயதில் கடலோரப் பக்கம் அம்மம்மா வீட்டில் வளர்ந்தவர். ஒன்பது வயதில்தான் எங்களோடு வந்து சேர்ந்தார். அதற்குப் பிறகு நான் குடித்த அதே கிணற்றுத் தண்ணீரைத்தான் அவரும் குடித்தார். அவருடைய பல்லில் ஒரு புள்ளி இல்லை. அம்மா கடைசி வரைக்கும், "இவள் ஒழுங்காப் பல்லு மினுக்கிறேல்லை" என்றே சொல்லிக்கொண்டிருந்தா. உண்மையில் நான் அண்ணாவைவிட இரண்டு மடங்கு நேரம் மினுக்கினேன்.

ஆகவே உங்கள் முன்பற்களில் இடமும் வலமுமாக ஒத்த இடங்களில் வெள்ளைத் திட்டோ பழுப்போ இருந்தால், சின்ன வயதில் கிணறோ குழாய்க்கிணறோ வைத்த ஊரில் வளர்ந்திருந்தால், பல் டொக்டரிடம் அதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். வெள்ளையாக்கும் ஜெல் புளோரோசிஸை அழிக்காது. சுற்றியுள்ள பல்லின் நிறத்தை உயர்த்தி, திட்டுக்கும் பல்லுக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறைக்கும். இலேசான வெள்ளைக் கோடுகள் உள்ளவருக்கு அதுவே போதும். ஆனால் தொடக்க நாட்களில் அந்த வெள்ளைத் திட்டுகள் முன்னைவிடப் பளிச்சென்று எடுத்துக் காட்டும். சொல்லாமல் செய்தால் நெஞ்சு பதறிப்போகும். பழுப்புப் படைக்கு, மிக மெல்லிய மேற்படையை அமிலப் பசையால் மெருகிட்டு எடுக்கும் மைக்ரோஅப்ரேசன் இருக்கிறது. வெள்ளைத் திட்டுக்குள் ரெசின் என்னும் பிசினை ஊடுருவ விடும் முறையும் உண்டு. குழி விழுந்த பல்லுக்குப் பல் நிறப் பசையால் மூடுவதோ வெனீர் என்னும் மெல்லிய ஓடு ஒட்டுவதோ வழி.

இன்னொன்று. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவதைக் காட்டி "எங்கட தண்ணியில புளோரைட்டு" என்பார்கள். அது தண்ணீரின் கடினத்தன்மையால் வருகிற சுண்ணாம்புப் படிவு. புளோரைட்டுக்கு நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை. தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் அது போகாது, நீர் ஆவியாவதால் செறிவு சற்றுக் கூடத்தான் செய்யும். ஆர்.ஓ. முறையில் வடிகட்டிய தண்ணீரில் குறையும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் கிணற்றைப் பரிசோதிப்பதைப் பற்றி உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். உங்கள் பல்லுக்குச் செலவழிக்கிற காசைவிடப் பிள்ளையின் தண்ணீருக்குச் செலவழிப்பது பத்து மடங்கு பெறுமதி. பிள்ளைக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

படி 3: மேலே படிந்ததா, உள்ளே ஊறியதா?

சாயத்தண்ணி, வெற்றிலை, சுருட்டு, பீடி, சிகரெட் இவையெல்லாம் மேலே படியும். இரும்புச்சத்துப் பாணி குடித்தாலும் கறுக்கும். முரசு வருத்தத்துக்குக் கொடுக்கும் குளோர்ஹெக்சிடின் வாய்கொப்பளிப்பானை வாரக்கணக்கில் பாவித்தாலும் பழுப்புப் படியும். அது பலருக்குத் தெரிவதில்லை. இந்தக் கறைகளுக்கு வெள்ளையாக்கல் தேவையே இல்லை. பல் டொக்டரிடம் போய்க் காறையெடுத்து மெருகிட்டால் போதும். கிளீனிங் என்று கேட்டாலே விளங்கிக்கொள்வார்கள். அரசாங்க ஆஸ்பத்திரிப் பல் கிளினிக்குகளில் கட்டணமின்றிப் பல்லைக் காட்டலாம். முதலில் அங்கே போங்கள். சுத்தம் செய்த பின் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, இது போதும் என்று வீட்டுக்கு வந்தவர்களை எனக்குத் தெரியும்.

வெற்றிலை போடுகிறவர்களுக்கு இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். பாக்கோடு வெற்றிலை மெல்லுவது புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004 இல் உறுதியாக வகைப்படுத்தியது. புகையிலை சேர்க்காவிட்டாலும் அப்படித்தான். இலங்கை ஆண்களிடம் மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். ஆகவே பல்லின் நிறத்தைப் பார்ப்பதற்காகக் கண்ணாடி எடுக்கும்போது கன்னத்தின் உட்புறத்தையும் நாக்கின் ஓரங்களையும் நாக்கின் கீழ்ப்புறத்தையும் பாருங்கள். துடைத்தும் போகாத வெள்ளைப் படை, சிவந்த படை, இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண், மிளகாய் பட்டாலே எரிகிற வாய், மூன்று விரலை நிமிர்த்தி வைக்க இடம்விடாமல் இறுகிப்போன வாய். இவற்றில் ஒன்று இருந்தாலும் வெள்ளையாக்கல் பேச்சை ஒதுக்கிவிட்டு, அந்தக் கிழமையே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வலிக்கவில்லையே என்று காத்திருக்க வேண்டாம். தொடக்கத்தில் அது வலிக்காது.

படி 4: ஒரு பல் மட்டும் கறுத்திருந்தால்

சைக்கிளால் விழுந்தது, கிணற்றுக் கட்டில் அடிபட்டது, போர்க்காலத்துக் காயம் என்று நம் பக்கத்தில் இதற்குக் கதை இல்லாத வீடு குறைவு. அடிபட்ட பல்லின் உள்ளே இரத்தம் கசிந்து நரம்பு செத்துப்போயிருக்கலாம். சில வேளை அடிபட்டுப் பல வருடம் கழித்துத்தான் நிறம் மாறும். இந்தப் பல்லுக்கு மேலே ஜெல் பூசுவதால் பயன் குறைவு. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, தேவையென்றால் வேர்ச் சிகிச்சை செய்து, அதன்பின் பல்லுக்குள்ளேயே மருந்து வைத்து வெளுக்கச் செய்வார்கள். சீழ் கட்டி இருந்தால் அது எலும்பைத் தின்றுகொண்டிருக்கும். நிறம் அங்கே இரண்டாம் பட்சம்.

குறுக்குப் பட்டைகளாகச் சாம்பல், பழுப்பு நிறம் இருந்தால் டெட்ராசைக்ளின் மருந்தின் வேலையாக இருக்கலாம். தாயின் வயிற்றில் இருக்கும்போதோ 8 வயதுக்கு முன்னரோ அந்த மருந்தை எடுத்திருந்தால் அப்படி வரும். இதற்கு வெள்ளையாக்கல் ஓரளவு உதவும், ஆனால் வழக்கமான இரண்டு முதல் நான்கு கிழமைக் கணக்கு அங்கே செல்லாது, மாதக்கணக்கில் செய்ய வேண்டிவரும்.

படி 5: இப்போது செய்யக் கூடாதவர்கள்

கர்ப்பிணிகளும் பால் கொடுக்கிற தாய்மாரும் தள்ளிப்போடுங்கள். இது அழகுக்கான காரியம். அவசரம் எதுவும் இல்லாத ஒன்றுக்காகப் பிள்ளையை வைத்துப் பரீட்சை பார்க்க வேண்டியதில்லை.

18 வயதுக்குக் கீழே வேண்டாம். இளம் பல்லில் நரம்பறை பெரிது, கூச்சம் கடுமையாக வரும். ஐரோப்பிய ஒன்றியம் 2012 இல் இருந்து 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு இதைத் தடுத்திருக்கிறது. ஓ.எல். எழுதுகிற பிள்ளை வந்து கேட்டால் கிளீனிங்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், அதோடு நிறுத்துங்கள்.

சூத்தைப் பல், வெடித்த பல், வீங்கி இரத்தம் கசிகிற முரசு, முரசு கீழிறங்கி வேர் தெரிகிற பல் உள்ளவர்கள் முதலில் அவற்றுக்கு வைத்தியம் பாருங்கள். சூத்தை ஓட்டை வழியே மருந்து நேராக நரம்புக்குப் போனால் இரவு முழுக்க நித்திரை இராது. வெளியே தெரியும் வேரில் எனாமல் இல்லை. அது வெளுக்காது, கூச்சம் மட்டும் மிஞ்சும். ஐஸ் தண்ணீர் குடித்தாலே இப்போதே கூசுகிறது என்றால் டொக்டரிடம் அதைச் சொல்லாமல் தொடங்காதீர்கள்.

படி 6: வாயில் ஏற்கெனவே என்ன வேலை செய்திருக்கிறது?

அடைத்த பல், பல்லுக்கு மேல் போட்ட தொப்பி (கிரவுன்), கட்டிய பல், வெனீர் எதுவும் வெளுக்காது. உங்கள் சொந்தப் பல் மட்டும் வெளுக்கும். முன்பல்லில் பத்து வருடத்துக்கு முன் பல் நிறப் பசையால் அடைத்திருந்தால், சுற்றிலும் வெள்ளையாகி அந்த அடைப்பு மட்டும் மஞ்சளாக நிற்கும். பிறகு அதை மாற்ற வேண்டும், அதுவும் உடனே முடியாது. வெளுத்த பல்லில் ஒட்சிசன் தங்கியிருப்பதால் புதுப் பசை சரியாகப் பிடிக்காது, இரண்டு கிழமையாவது விட வேண்டும். இந்தச் செலவையும் நாளையும் முதலிலேயே கணக்கில் எடுங்கள்.

படி 7: எந்த முறை, அது எப்படி வேலை செய்கிறது?

உண்மையான வெள்ளையாக்கல் பெரும்பாலும் பேரொட்சைட்டு மருந்தால்தான் நடக்கிறது, ஐதரசன் பேரொட்சைட்டாகவோ கார்பமைட் பேரொட்சைட்டாகவோ. அது எனாமலைத் தாண்டி டென்ரினுக்குள் போய், நிறம் தருகிற பெரிய மூலக்கூறுகளைச் சின்னதாக உடைத்து நிறமற்றதாக்குகிறது. பல்லைச் சுரண்டி எடுப்பதில்லை. பத்து வீத கார்பமைட் ஜெல் ஏறத்தாழ 3.5 வீத ஐதரசன் பேரொட்சைட்டுக்குச் சமம். பெட்டியில் உள்ள எண்ணைப் பார்க்கும்போது எந்தப் பொருளின் எண் என்று பாருங்கள்.

என் சார்பு எந்தப் பக்கம் என்று முதலே சொல்லிவிடுகிறேன்: டொக்டர் உங்கள் பல்லை அச்செடுத்துச் செய்து கொடுக்கும், பல்வரிசையில் மாட்டுகிற ட்ரேயில் ஜெல் வைத்து வீட்டில் செய்வது. 1989 இல் அமெரிக்காவில் ஹேவுட், ஹேமன் என்ற இரண்டு பல் வைத்தியர்கள் இரவில் ட்ரே போடும் முறையை எழுதி வெளியிட்டார்கள். அன்றிலிருந்து அதிகம் பாவித்து, அதிகம் ஆராய்ந்து பார்த்த முறை அது. 10 முதல் 16 வீத கார்பமைட், ஒரு பல்லுக்கு ஒரு நெல்மணி அளவு ஜெல், டொக்டர் சொன்ன மணித்தியாலம், இரண்டு முதல் நான்கு கிழமை. மெல்ல மாறும், கூச்சம் வந்தால் ஒருநாள் விட்டு ஒருநாள் செய்யலாம், எந்த நாளும் நிறுத்தலாம். ட்ரேயை வைத்திருந்தால் ஒரு வருடம் கழித்துச் சில இரவுகள் மட்டும் திருப்பிச் செய்துகொள்ளலாம்.

கதிரையில் இருத்தி ஒரே நாளில் செய்வது இன்னொன்று. 25 முதல் 40 வீதம் வரை வலுவான மருந்து. முரசை மூடிப் பாதுகாத்துவிட்டுப் பூசுவார்கள். வேகமானது, கூச்சம் கூடியது. நீல வெளிச்சம் அடிப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அந்த வெளிச்சம் பெரிதாக எதையும் கூட்டுவதில்லை. கதிரையை விட்டு எழும்பும்போது தெரிகிற வெள்ளையில் ஒரு பங்கு, பல் ஈரம் வற்றியதால் வருவது. சில நாளில் பல் மீண்டும் ஈரம் பிடித்ததும் நிறம் ஒரு படி இறங்கும். அன்று எடுத்த படத்தை வைத்து முடிவு சொல்லாதீர்கள்.

நாடாக்கள் நேரான பல்வரிசைக்கு ஓரளவு வேலை செய்யும். நெருக்கிய பல், ஏறிய பல் இருந்தால் இடுக்குகளில் மஞ்சள் கோடு நிற்கும், முரசும் வெந்துபோகும். அத்தோடு பேரொட்சைட்டு சூட்டுக்கு வலுவிழக்கிற சாமான். கப்பலில் வந்து, களஞ்சியத்தில் கிடந்து, ஏ9 வீதி வெயிலில் லொறியில் வந்து சேர்கிற பெட்டியில் என்ன வலு மிச்சம் இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. மருமகளின் பெட்டிக்கு நான் சொன்ன முதல் மறுப்பு இதுதான்.

வெள்ளையாக்கும் பற்பசை மேற்கறையை மட்டும் தேய்க்கும். உள்நிறத்தைத் தொடாது.

படி 8: கையை வைக்கக் கூடாதவை

எலுமிச்சம்பழத்தைத் தேய்த்தால் அன்றைக்குப் பல் மினுமினுப்பாகத் தெரியும். பி.எச். என்பது அமில அளவு, எண் குறையக் குறைய அமிலம் கூடும். எனாமல் பி.எச். 5.5 க்குக் கீழே கரையத் தொடங்கும், எலுமிச்சஞ்சாறு 2 அளவில் இருக்கிறது. போன எனாமல் திரும்ப வளராது. அதன் கீழே மஞ்சள் டென்ரின் இன்னும் நன்றாகத் தெரியும். வெள்ளையாக்க வெளிக்கிட்டு மஞ்சளாக்கிக்கொள்வது இப்படித்தான். என் கடைவாய்ப் பக்கப் பற்களில் முரசோரமாக இன்றைக்கும் கூச்சம் இருக்கிறது. பதினாறு வயதில் உப்பும் எலுமிச்சையும் சேர்த்து அழுத்தித் தேய்த்ததன் மிச்சம் என்று டொக்டர் சொன்னார்.

உமிக்கரியும் கடையில் வருகிற கறுப்புக் கரிப் பற்பசையும் கரடுமுரடானவை, நிறத்தை உள்ளிருந்து மாற்றும் சக்தி இல்லாதவை. ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்றது குச்சியை மென்று பதமாகத் துலக்கியவர்களைப் பார்த்து. செங்கட்டித் தூளுக்கும் கரிக்கும் அந்தப் பழமொழியைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள்.

பேஸ்புக்கில் பெயரில்லாத ஜெல் விற்கிறவர்களிடமும், முகத்துக்கு பேஷியல் செய்யும் இடத்தில் பல்லுக்கும் செய்கிறோம் என்பவர்களிடமும் வாயைக் கொடுக்காதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 0.1 வீதத்துக்கு மேற்பட்ட பேரொட்சைட்டைப் பொதுமக்களுக்கு நேராக விற்கவே முடியாது. 6 வீதம் வரை பல் வைத்தியர் ஊடாக மட்டும்தான். லண்டனிலும் இதைச் சட்டப்படி செய்யக்கூடியவர்கள் பல் வைத்தியத் துறையினரே. அங்கே அவ்வளவு கட்டுப்பாடு வைத்த சாமானை இங்கே அழகு நிலையக் கதிரையில் பூச விடலாமா?

படி 9: டொக்டரைத் தேடிப் போகும்போது

இலங்கை மருத்துவச் சபையில் பதிந்த பல் வைத்தியரா என்று பாருங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம். வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ தனியார் கிளினிக்குக்குப் போகிறீர்கள் என்றால் இந்தக் கேள்விகளைக் கடதாசியில் எழுதிக்கொண்டு போங்கள், கதிரையில் சாய்ந்ததும் மறந்துவிடும்:

- என் பல்லின் நிறத்துக்குக் காரணம் என்ன? புளோரோசிஸ் இருக்கிறதா?
- கிளீனிங் மட்டும் செய்தால் எவ்வளவு மாறும்?
- எந்த மருந்து, எத்தனை வீதம்?
- எந்தப் பல் வெளுக்காமல் நிற்கும்?
- கூச்சம் வந்தால் யாரைக் கூப்பிடுவது?
- கிளீனிங், ட்ரே, ஜெல், பிறகு மாற்ற வேண்டிய அடைப்பு எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு?

தொடங்க முதல் நிறமாதிரிக் கோர்வையை உங்கள் பல்லோடு வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். திறப்புக்கோர்வைபோல இருக்கும், நுனியில் திறப்புக்குப் பதிலாகப் பல். பழைய மாதிரியில் 16 நிறம். என் பல்லை அதோடு வைத்தபோது முதன்முதலாக ஒன்று விளங்கியது. அந்தக் கோர்வையில் கடதாசி வெள்ளை என்ற நிறமே இல்லை. சுகமான பல் என்பது பாலில் ஒரு சொட்டு மஞ்சள் விட்ட நிறம். தொலைக்காட்சியில் வருகிற பல்லைக் கேட்டுப் போனால் எந்த டொக்டராலும் உங்களைத் திருப்திப்படுத்த முடியாது. முதல் சந்திப்பிலேயே வாயைச் சரியாகப் பார்க்காமல் விலை சொல்லுகிறவரிடமிருந்து எழும்பி வந்துவிடுங்கள்.

படி 10: நாளைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

கல்யாணம், பூப்புனித நீராட்டு விழா, வெளிநாட்டுப் பயணம் என்று ஒரு நாளை மனதில் வைத்துத்தான் பெரும்பாலும் இதற்குப் போகிறோம். பொன்னுருக்கலுக்கு முதல் கிழமை ஓடிப்போகக் கூடாது. மூன்று மாதத்துக்கு முன் பரிசோதனையும் கிளீனிங்கும். சூத்தை இருந்தால் அப்போதே அடைப்பு. இரண்டு மாதத்துக்கு முன் ட்ரே தொடங்கினால், ஒரு மாதத்துக்கு முன் முடியும். அதன்பின் இரண்டு கிழமை விட்டு, முன்பல் அடைப்பு மாற்றுவதென்றால் மாற்றலாம். விழாவன்று கூச்சமும் இராது, நிறமும் நிலைத்திருக்கும்.

செய்யும் நாட்களில் கூச்சம் வருவது சாதாரணம். ஊசி குத்தினாற்போலச் சட்டென்று வந்து போகும். பெரும்பாலும் ஓரிரு நாளில் அடங்கும். பொட்டாசியம் நைத்திரேற்று உள்ள கூச்சப் பற்பசையை இரண்டு கிழமைக்கு முன்பிருந்தே பாவித்து வந்தால் குறையும். முரசில் வெள்ளையாகப் பட்டால் ஜெல் கூடிவிட்டது என்று அர்த்தம். அடுத்த நாள் குறையுங்கள். பல் தொடர்ந்து குத்தினால் நிறுத்திவிட்டு டொக்டரிடம் போங்கள். அந்தக் கிழமைகளில் சாயத்தண்ணியைக் குறைத்துப் பால் தேத்தண்ணிக்கு மாறுங்கள், மஞ்சள் போட்ட குழம்பு சாப்பிட்டதும் வாயைக் கொப்பளியுங்கள். சிகரெட்டும் வெற்றிலையும் விடப்போவதில்லை என்றால் இதைத் தொடங்கவே வேண்டாம், காசு ஒரு வருடத்துக்குள் புகையாகப் போய்விடும். ஒழுங்காக இருப்பவருக்கும் இது நிரந்தரமல்ல. ஒன்றிரண்டு வருடத்தில் மெல்ல மங்கும்.

மருமகளும் நானும்

அவளைக் காலை வெளிச்சத்தில் பார்த்தபோது மேல்வரிசையில் மெல்லிய வெள்ளைக் கோடுகள் தெரிந்தன. அண்ணாவின் பல்லில் இல்லாதது, அவள் வளர்ந்த எங்கள் கிணறு கொடுத்தது. முரசோரத்தில் தேத்தண்ணிக் கறை. டொக்டர் பார்த்தபோது கடைவாயில் இரண்டு சூத்தை, அவளுக்கே தெரியாது. அந்த நாடாவை அன்றைக்கே ஒட்டியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று டொக்டர் சொன்னபோது பிள்ளை என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். சூத்தையை அடைத்தார்கள், கிளீனிங் செய்தார்கள். பிறகு இரண்டு கிழமை ட்ரே. நான்காம் நாள் கோடுகள் பளிச்சென்று எழும்பின. முன்னமே சொல்லி வைத்திருந்ததால் அழவில்லை. இரண்டாம் கிழமை முடிவில் அவை பல்லோடு பல்லாக அடங்கிப்போயின.

என் பழுப்புப் படைக்கு டொக்டர் மைக்ரோஅப்ரேசன் செய்தார். முக்கால்வாசி போயிற்று. மிச்சத்துக்கு வெனீர் போடலாம், ஆனால் அதற்கு நல்ல பல்லைச் சிறிது சீவ வேண்டிவரலாம் என்றார். இரண்டு நாள் யோசித்துவிட்டு வேண்டாம் என்றேன். இடது முன்பல்லின் ஓரத்தில் ஒரு பயறளவு பழுப்பு இன்னும் இருக்கிறது. கல்யாண அல்பத்தில், மணவறைக்குப் பக்கத்தில் மருமகளோடு நிற்கிற படத்தில், அது நன்றாகவே தெரிகிறது. வாய் திறந்திருக்கிறது.